மூடிய மெஸ்ஸும் மிளகாய்ப் பொடியும்

சென்ற மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவர், "சொந்தமாக ஒரு சிறு ஹோட்டல் வைக்க எண்ணியிருக்கிறேன். துணிந்து இறங்கலாமா?" என்று என்னைக் கேட்டார். ரயில்வே குமாஸ்தாவிடம் கேட்க வேண்டிய கேள்வியன்று அது. ஆயினும், இந்த நாக்பூரில் நான் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் மெஸ்ஸின் கதையை அவருக்குச் சொன்னேன். மற்ற அன்பர்களுக்கும் அது பயன்படக் கூடும்.

மெஸ்ஸை நடத்துபவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. அவர் மனைவி மதினி. நிலையத்துக்கு அருகில், பன்னிரண்டு மேசைகள். வடக்கே போகிறவர்களும் தெற்கே திரும்புகிறவர்களுமாக, வியாபாரத்தில் பெரும்பகுதி ரயில் பயணிகளால் நடந்தது. மீதி, மாதச் சாப்பாட்டுக்காரர்களும், ஞாயிறுதோறும் பார்சல் வாங்கும் குடும்பங்களும்.

2020 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பயணிகள் வண்டிகள் நின்றன. சரக்கு வண்டிகள் ஓடியபடியால் எங்களுக்கு வேலை இருந்தது. அண்ணாச்சிக்குத்தான் இல்லை. கடை வாடகை நிற்கவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பு வாங்கிய பெரிய கிரைண்டரின் தவணையும் நிற்கவில்லை. மதினியின் வளையல்கள் அடகுக்குப் போயின. பரிமாறும் பையன்கள் மூவரும் வண்டி கிடைத்ததும் ஊருக்குப் போய்விட்டனர். வயதான சமையற்காரர் ஒருவர் மட்டும் போக இடமின்றித் தங்கினார்.

"அரிசி மூட்டை இருக்கு தம்பி, அடுப்பு இருக்கு. சாப்பிடத்தான் ஆள் இல்லை" என்று ஒருநாள் அண்ணாச்சி சொன்னார். பூட்டிவிட்டு ஊரோடு போய்விடுவதென்று அவர் முடிவு செய்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மதினிதான் பழைய பற்று வரவு நோட்டை எடுத்தார்கள். அதில் வாடிக்கைக்காரர் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "சாப்பாடு வேண்டுமா?" என்று கேட்காமல், "வீட்டில் என்ன இல்லாமல் சிரமப்படுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். பெரும்பாலோர் சொன்னவை இரண்டு: இட்லி மாவு, சாம்பார்ப் பொடி. நம் குடும்பங்களின் வழக்கம் நமக்குத் தெரியாததா? விடுமுறைக்கு ஊருக்குப் போய், அம்மா வறுத்து அரைத்துத் தரும் பொடியை டப்பாவில் அடைத்து வந்து, அடுத்த விடுமுறை வரை ஓட்டுவோம். அந்த ஆண்டு ஊருக்குப் போக வழியில்லை. டப்பாக்கள் காலியாகிவிட்டன.

முதலில் மாவில் இறங்கினார் அண்ணாச்சி. நாக்பூர்க் கோடையை அறிந்தவர்கள் அடுத்து நடந்ததை ஊகித்திருப்பார்கள். மே மாதத்தில் 45 டிகிரி வரை ஏறும் ஊர் இது. காலையில் கொடுத்த மாவு மாலைக்குள் பொங்கிப் புளித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. நாலைந்து பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டனர்; திருப்பிக் கொடுத்தார். ஆனால் மாவைக் கெடுத்த வெயில்தான் மொட்டை மாடியில் பரப்பிய மிளகாயையும் மல்லியையும் சருகாகக் காய வைத்தது. மாவை விட்டுப் பொடிக்கு மாறினார்: சாம்பார்ப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி. கெடாத சரக்கு, ஆள் வந்து உட்கார வேண்டாத சரக்கு. வறுக்கும் பக்குவம் அந்தக் கிழச் சமையற்காரரின் கையில் இருந்தது.

இதைப் பார்த்தபோது எனக்குப் பெங்களூர் எம்.டி.ஆர். நினைவுக்கு வந்தது. மையா சகோதரர்கள் 1924-இல் தொடங்கிய சிற்றுண்டிச்சாலை அது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. இட்லிக் கடைக்கு அரிசித் தட்டுப்பாடு என்றால் என்னாவது? அந்த யுத்த காலத்தில் ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்ததில் பிறந்ததே ரவா இட்லி என்று அவர்கள் சொல்கிறார்கள். பின்னர் 1975-இல் நெருக்கடி நிலை வந்தது. ஹோட்டல் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கு விற்க வேண்டுமென்று கட்டாயம் ஏற்பட்டது. அந்த விலையில் பழைய தரத்தைக் காப்பது கடினமாயிற்று. அவர்கள் மசாலைப் பொடிகளையும் உடனடி மாவு வகைகளையும் பொட்டலமாக விற்கத் தலைப்பட்டார்கள். அந்த வியாபாரம் ஹோட்டலையே மிஞ்சி வளர்ந்து, 2007-இல் ஆர்க்லா என்ற நார்வே நாட்டு நிறுவனத்திடம் விற்கப்பட்டது. ஹோட்டல் மட்டும் குடும்பத்தாரிடமே இருக்கிறது.

இதில் நான் ரசிப்பது ஒன்றுண்டு. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவு ஈரமானது. அப்படியே பொட்டலத்தில் அடைத்தால் நிற்காது. ரவா இட்லிக்கோ இரவெல்லாம் புளிக்க வைக்கும் வேலையில்லை. உலர்ந்த ரவைக் கலவையில் தயிரை ஊற்றிக் கலந்தால் போதும். யுத்தகாலத் தட்டுப்பாட்டில் பிறந்த பண்டம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த மற்றோர் இடைஞ்சலின்போது பொட்டலத்தில் புகத் தோதாக அமைந்துவிட்டது. யாரும் முன்கூட்டித் திட்டமிட்டதாகத் தோன்றவில்லை.

"எல்லாம் நன்மைக்கே" என்று சிலர் சொல்வதை நான் ஒப்புவதில்லை. அண்ணாச்சியின் தெருவிலேயே அந்த ஆண்டு மூடிய கடைகளுள் சில இன்னும் திறக்கவில்லை. அவர்களும் உழைப்பாளிகள்தாம். மதினியின் வளையல்களும் மீளவில்லை. வட்டி ஏறி மூழ்கிவிட்டன. "அதைப் பேசாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மதினி சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஹோட்டல் வைக்க எண்ணும் அன்பர் கவனிக்க வேண்டியது மெஸ்ஸின் இன்றைய அமைப்பை. வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கிப் பயணிகள் திரும்பிய பிறகும் அண்ணாச்சி பழையபடி பன்னிரண்டு மேசைகள் போடவில்லை, ஏழுதான். மற்ற இடத்தில் வறுக்கும் இரும்புச் சட்டியும், அரைவை இயந்திரமும், பொடி டப்பாக்கள் அடுக்கிய மர அலமாரியும் இருக்கின்றன. ஊருக்குப் போன பையன்களில் ஒருவன் திரும்பி வந்து பொட்டலம் கட்டுகிறான். டில்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இங்கு நிற்கும் சில நிமிடங்களில், அதில் பயணம் செய்யும் தெரிந்தவரிடம் பொடியைக் கொடுத்தனுப்ப அவன்தான் ஓடுகிறான். அலமாரியின் மேல்தட்டில் அந்தப் பழைய நோட்டு இருக்கிறது. அட்டை கிழிந்து, நூல் போட்டுத் தைத்திருக்கிறார்கள்.