சத்தம் போடட்டும் டேப்பட்

"டேப்பட் அடிக்குதுண்ணே, கொஞ்சம் டைட் வச்சு விடுங்க" என்று பழைய புல்லட்டை ஸ்டாண்ட் போடுகிறவர்களிடம் சாவியை வாங்கிக்கொண்டு, காலையில் வரச் சொல்லிவிடுவேன். சூட்டோடு டேப்பட்டில் கை வைக்கும் வழக்கம் என் பட்டறையில் இல்லை.

எஞ்சின் ஹெட்டில் இரண்டு வால்வு. பெட்ரோல் கலந்த காற்று வர ஒன்று, எரிந்த புகை போக ஒன்று. கீழே கேம் சுழன்று டேப்பட் வழியாகப் புஷ்ராடைத் தூக்க, ராடு ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும். வால்வு மூடியிருக்கும்போது இந்த வரிசையில் துளி இடைவெளி இருக்க வேண்டும். சூடேறினால் உலோகம் நீளுமே! பெரும்பாலான பைக்குகளில் அது 0.05 முதல் 0.30 மி.மீ.க்குள் வரும். ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து அளப்போம். சரியான அளவு அந்தந்த வண்டியின் புத்தகத்தில்தான் இருக்கிறது, பக்கத்து வண்டிக்காரர் வாயில் இல்லை.

இடைவெளி கூடினால் 'டிக் டிக்' கேட்கும், இழுவை கொஞ்சம் குறையும். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. ஆபத்து அங்கேதான். வால்வு சீட்டில் முழுசாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும், சூடான வண்டி கிக்கருக்கு மசியாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கும். உட்கார விடாவிட்டால் விளிம்பு கருகிப்போகும். வேறெங்கோ 'சத்தமில்லாமல்' டைட் வைத்து வந்த ஒரு வண்டியின் ஹெட்டைக் கழற்றினேன். எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிடிக்க வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவர் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். டேப்பட் சத்தம் மெலிசாக, கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் வரும். ஆறிய எஞ்சினில் தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டனைச் சந்தேகிக்கலாம். சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் புகை கசிந்தாலும் அச்சு அசல் டேப்பட் மாதிரியே கேட்கும். அங்கே கையை அருகில் வைத்துக் காற்றடிக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

திருவொற்றியூரில் தயாரான புல்லட்டின் பழைய இரும்பு எஞ்சினில் அட்ஜஸ்டர் புஷ்ராடின் அடியில் இருக்கிறது. பக்கத்து மூடியைக் கழற்றினால் தெரியும். ஃபீலர் கேஜ் தேவையில்லை. பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தை முன்னால் மெல்ல உருட்டுவேன். இன்லெட் ராடு ஏறி இறங்கிய பிறகு பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்தான் வேண்டும். இன்னொரு உச்சியில் நிறுத்தினால் இரண்டு வால்வும் லேசாகத் திறந்திருக்கும். அங்கே செட் பண்ணுவது வீண். ராடை இரண்டு விரலால் திருக வேண்டும். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. முழுச் சுற்றில் ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் ராடு வளைந்திருக்கலாம். லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே நகரும். அதனால் இறுக்கிய பின் மறுபடி திருகிப் பார்க்காமல் மூடியைப் போட மாட்டேன். எக்ஸாஸ்டை மட்டும் ஒரு மயிரிழை லூசாக விடுவது என் பழக்கம். புத்தகத்தில் அப்படி இல்லை. எனக்கு அதில் நிம்மதி.

2010-ஐ ஒட்டி வந்த யூ.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் எஞ்சின்) புல்லட்டில் ஹைட்ராலிக் டேப்பட். ஆயில் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்கிறது; திருக எதுவும் கிடையாது. அதில் 'டிக் டிக்' கேட்டால் ஸ்பேனரைத் தேடாமல் முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.