குடலின் மடை

மனிதச் சிறுகுடலுக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 லீற்றர் நீர் வந்து சேர்கிறது. அதில் உண்டதும் குடித்ததும் 2 லீற்றர் அளவே, எஞ்சியதெல்லாம் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், சதையிச் சாறு, குடற்சாறு என உடலே சுரப்பது. ஏறக்குறைய அவ்வளவும் மீண்டும் உறிஞ்சப்படுவதால் மலத்தோடு கழிவது 100 முதல் 200 மில்லிலீற்றர்தான்.

குடற்சுவரில் விரல்போல் நீண்ட சடைமுளைகள் நீரை உறிஞ்ச, அவற்றின் அடியிலுள்ள குழிகளின் கலங்கள் சுரக்கின்றன. எந்தக் கலமும் நீரை நேராக இறைப்பதில்லை. சுரக்கும் கலம் குளோரைட்டு அயன்களை ஒரு புரத வாயில் வழியே வெளியே விட, மின்னேற்றத்தால் ஈர்க்கப்பட்டுச் சோடியமும், அவ்விரண்டின் பின்னே நீரும் செல்கின்றன. அவ்வாயிலைத் திறப்பவை இரசாயனத் தூதுகளே: உணவு உரசும்போது சுவர்க் கலங்கள் விடும் செரற்றோனின், நரம்புமுனைகள் விடும் அசற்றைல்கோலின், வி.ஐ.பி. எனப்படும் சிறுபுரதம் முதலியன. வி.ஐ.பி. கலத்தின் புறத்தே வந்து பொருந்தியதும் உள்ளே சக்கர ஏ.எம்.பி. என்னும் இரண்டாம் தூது பெருகி வாயிலைத் திறக்கிறது. ஒரு நொதியம் அத்தூதைச் சிதைத்ததும் வாயில் மூடுகிறது. சோமற்றோசுற்றற்றின் போன்ற எதிர்த்தூதுகளும் சுரப்பை அடக்குகின்றன. வயலுக்கு நீர் கட்டும் திருக்கோவில் என்னும் ஊரின் விவசாயிக்குத் தெரியும், மடையைத் திறப்பதைவிட உரிய வேளையில் அடைப்பதே பெரிய வேலை என்று.

வாந்திபேதியில் கெடுவது அந்த அடைப்புத்தான். கல்கத்தாவில் ஆய்வாளர் சம்புநாத் டே, நோய்ப் பற்றீரியா வளர்ந்த திரவத்திலிருந்து பற்றீரியாவை வடித்து நீக்கிவிட்டு, இருமுனையும் கட்டிய முயற்குடலுக்குள் செலுத்தியபோதும் குடல் நீரால் வீங்கியதை 1959இல் வெளியிட்டார். கிருமியன்று, அது விட்ட நச்சே நீரை வரவழைக்கிறது என்பது தெளிவாயிற்று. அந்நச்சு, தூதின் கட்டளையைக் கலத்துக்குள் கடத்தும் புரதத்தை 'திற' என்னும் நிலையிலேயே பூட்டிவிடுவதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஆயினும் உறிஞ்சும் பக்கத்தில், குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே நுழைய நீரும் பின்தொடரும் மற்றொரு வாயிலை நச்சு தீண்டுவதில்லை. 1971இல் மேற்கு வங்கத்துப் பொங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலானாபிசு சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பருகக் கொடுத்துப் பலரின் உயிரைக் காத்தது அவ்வழியைக் கொண்டே. இலங்கையர் 'ஜீவனி' என்று அறிந்த பொதியும் அவ்வகைக் கலவைதான். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் உதவுவது, அதன் மாப்பொருள் குடலில் சிறுகச் சிறுகக் குளுக்கோசாக உடைவதால். சர்க்கரை மிகுந்த சோடாவோ, தன் செறிவினால் உடலிலிருந்தே நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டிவிடுகிறது.