பழைய தொழிலோடு தரவுப் பகுப்பாய்வுக்கு

பம்பாய்க்கு உத்தியோகம் தேடி வந்த தமிழரின் சரித்திரத்தில், படித்த படிப்பு ஒன்றும் பார்த்த வேலை வேறொன்றுமாக அமைவது எக்காலத்திலும் புதுமையாக இருந்ததில்லை. தர்க்கத்திலோ தாவரவியலிலோ பட்டம் வாங்கி, டைப்ரைட்டிங்கில் ஹையரும் சுருக்கெழுத்தும் தேறி, மாட்டுங்காவில் உறவினர் வீட்டிலோ மெஸ்ஸிலோ ஒண்டிக்கொண்டு, கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் ஸ்டெனோவாகவும் குமாஸ்தாவாகவும் சேர்ந்த அந்தத் தலைமுறையினர், கப்பல் சரக்கின் நடைமுறையையும் பஞ்சு வியாபாரத்தின் நுட்பத்தையும் நாற்காலியில் அமர்ந்த பிறகே கற்றுத் தேர்ந்தார்கள். இன்று அதே மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும், பி.காம். முடித்துக் கணக்குப் பிரிவில் இருப்பவரும், ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் இருப்பவரும், ரெடிமேட் பட்டறையில் சூப்பர்வைசராக இருப்பவரும், தரவுப் பகுப்பாய்வுக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். மாறலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் பழைய தொழிலை உதறிவிட்டு அல்ல, அதையும் உடன் எடுத்துக்கொண்டு.

ஒரு ஸ்தாபனத்தில் நாள்தோறும் குவியும் பதிவுகளைத் திரட்டி, பிழை களைந்து, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டு, கிடைத்த விடையை மேலதிகாரி தீர்மானம் எடுக்கத்தக்க வடிவில் எடுத்துரைப்பதே இந்த வேலை. எக்ஸெல், எஸ்.க்யூ.எல்., பவர் பி.ஐ., ஓரளவு பைதான், அடிப்படைப் புள்ளியியல் ஆகியவை இதற்குரிய கருவிகள். எனினும் பொழுதில் பெரும்பங்கை விழுங்குவது பிழை களைதல்தான். தாராவியில் ஒரு சட்டைப் பட்டறையின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்: தேதி, தையற்காரர் பெயர், எத்தனை பீஸ், என்ன ரேட், ஆல்ட்டருக்குத் திரும்பியது எவ்வளவு. ஒரே மனிதர் முருகன், முருகேசன், எம். முருகன் என்று மூன்று பெயர்களில் இருப்பார். ஒரு பக்கத்தில் டஜன் கணக்கு, மறுபக்கத்தில் உருப்படிக் கணக்கு. வெற்றாகக் கிடக்கும் கட்டம் விடுமுறையைக் குறிக்கிறதா, எழுத மறந்ததைக் குறிக்கிறதா என்பதும் தெரியாது. இவற்றையெல்லாம் சீர்செய்து, திரும்பி வந்த சட்டைகளைத் தையற்காரர் வாரியாகக் கூட்டினால், ஒருவர் பெயரில் மட்டும் தொகை மிகுந்து நிற்கும். அவர் கைவேலை மோசம் என்று புதியவர் அறிக்கை எழுதிவிடுவார். சிரமமான காலர் வேலை முழுவதும் அவரிடமே ஒப்படைக்கப்படுகிறது என்பது பட்டறையில் நின்று பழகிய சூப்பர்வைசருக்குத் தெரியும். நோட்டில் அதற்கு ஒரு பத்தியே இல்லாதபடியால் எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

எதை எதனால் வகுத்துப் பார்ப்பது என்ற விவேகம் தவறினால் விளையும் அநீதியை இந்நகரத்துத் தமிழர் நேரிலேயே அனுபவித்திருக்கிறார்கள். 1960-களில் 'மார்மிக்' வாரப் பத்திரிகை, டெலிபோன் டைரக்டரியைக் கொண்டு, கம்பெனி கம்பெனியாகத் தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களை அடுக்கி வெளியிட்டது. பெயர்கள் பொய்யல்ல. ஆனால் மொத்த உத்தியோகங்கள் எத்தனை, விண்ணப்பித்தவர் எத்தனை பேர், எந்தத் தகுதி கேட்கப்பட்டது என்ற விவரங்கள் இல்லாத அந்தப் பட்டியல், ஒரு சமூகத்தார் மீது கோபத்தை மூட்டுவதற்குப் போதுமானதாயிற்று.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இங்கேயே உண்டு. 2020 ஜூலையில் மும்பை மாநகராட்சி, நிதி ஆயோக், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் முதலியவை சேர்ந்து, மாட்டுங்கா அடங்கிய எஃப் நார்த், செம்பூர் அடங்கிய எம் வெஸ்ட், தஹிசர் அடங்கிய ஆர் நார்த் ஆகிய மூன்று வார்டுகளில் 6,936 பேரின் ரத்தத்தைச் சோதித்துக் கொரோனா எதிர்ப்புப் பொருள் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று ஆராய்ந்தன. குடிசைப் பகுதிகளில் சுமார் 57 சதவீதம். மற்றப் பகுதிகளில் சுமார் 16 சதவீதம். வார்டுக்கு ஒரு சராசரி என்று சொல்லி நிறுத்தியிருந்தால் இந்தப் பெரும் வேற்றுமை புலப்பட்டே இராது. ஜன நெருக்கத்தோடு, பொதுக் கழிப்பறைகளும் காரணமாகலாம் என்று கூறப்பட்டது. விடியற்காலையில் சாலின் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றிருக்கும் ஒருவருக்கு, இவ்விரு பகுதிகளையும் பிரித்தே எண்ண வேண்டும் என்பதை யாரும் போதிக்க வேண்டியதில்லை. வேறு துறையிலிருந்து வருபவரின் மூலதனம் அத்தகைய ஞானமே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த சாஸ்திரத்தை வளர்த்தவர்களிலும் வேற்றுத்துறையினர் பலர். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியர். வில்லியம் காஸெட் கின்னஸ் மதுபான ஆலையின் ரசாயனப் பட்டதாரி. இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மஹலநோபிஸ் பௌதிகப் பேராசிரியர். கணிதத்தில் எம்.ஏ. தேறிய சி. ஆர். ராவ், ராணுவ சர்வே பிரிவில் ஒரு வேலைக்காகக் கல்கத்தா சென்று, அது கிடைக்காமல் இருந்த சமயத்தில், பம்பாயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அந்தக் கழகத்தில் பயிற்சி பெற அனுப்பப்பட்டிருந்த சுப்பிரமணியன் என்ற இளைஞரைச் சந்தித்தார். அந்தப் பரிச்சயத்தின் பயனாக ராவ் 1941 ஜனவரி 1 அன்று கழகத்தில் சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் உலகெங்கும் பாடமாக இருக்கிறது. சுப்பிரமணியனின் பிற்கால வாழ்க்கை பிரசித்தி பெறவில்லையாயினும், வேலையிலிருந்தபடியே புதுவித்தை கற்கச் சென்ற அந்த பம்பாய் ஊழியரை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன்.

கற்பதற்கு வழிகள் இன்று மலிவாகவே இருக்கின்றன. 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில், ஜே.இ.இ. எழுதாமலே, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறிச் சேரலாம், வயது வரம்பில்லை, பட்டம் வரை போகாமல் டிப்ளமாவோடும் நிறுத்திக்கொள்ளலாம். செம்பூரை அடுத்த தேவனாரில், 1956-இல் மக்கள்தொகைப் பயிற்சி மையமாகத் தொடங்கிய நிலையம்தான், தேசியக் குடும்பநல ஆய்வை நடத்திவருகிறது. அதன் ஐந்தாவது சுற்றில் 6 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விசாரிக்கப்பட்டன. அதன் மாவட்ட அட்டவணைகளும், மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் இலவசமாகவே தரும் கணக்கெடுப்புத் தரவுகளும் பழகுவதற்கு உகந்தவை. லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு, வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சிக்கூடங்களுக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

முதல் வேலை பெரும்பாலும் 'டேட்டா அனலிஸ்ட்' என்ற பட்டத்தோடு வருவதில்லை, எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ் என்ற பெயரில், சில சமயம் பழைய சம்பளத்துக்கும் குறைவாகவே வரும். ஆகையால் இருக்கும் ஆபீஸிலேயே மாதாந்தர ரிப்போர்ட்டை வலியக் கேட்டு வாங்கிச் செய்வதுதான் நல்ல ஆரம்பம். பில்லிங் கவுண்டரில் இருப்பவர், இன்ஷூரன்ஸ் கிளெய்ம்கள் எந்த வார்டிலிருந்து, எந்தக் காகிதம் இல்லாமல் திரும்பி வருகின்றன என்று ஆறு மாதப் பதிவுகளைக் கொண்டு ஆராயட்டும். நோயாளிகளின் பெயர்களை நீக்கி, நிர்வாகத்தின் அனுமதியோடு அந்த ஒரு ஆய்வை இன்டர்வியூவுக்கு எடுத்துச் செல்லட்டும். எண்கள் எங்கிருந்து வந்தன, எவற்றை ஒதுக்கினீர்கள், ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்பார்கள்.