வெயில் கொளுத்துகிறது, வீட்டில் ஏன் கரண்ட் இல்லை?

விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறைகளில் மின்சாரத்தைத் தடுக்கும் ஃபியூஸ் கட்டைகள் உருவாகின்றன. அதே ஊரின் மொட்டை மாடிகளில் சோலார் தகடுகள் மின்சாரத்தை உருவாக்குகின்றன. 3 கிலோவாட் அமைப்பு நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட் தரும்.

பகலில் மிஞ்சுவது எப்படி வெளியே போகிறது? தகடு தரும் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாறுமின்சாரமாக்கி, தெருக் கம்பியின் 50 ஹெர்ட்ஸ் துடிப்போடு இணைத்து, மின்னழுத்தத்தைக் கம்பியைவிடச் சற்றே உயர்த்துகிறது. மின்சாரம் வெளியே பாய்ந்து, பெரும்பாலும் பக்கத்து வீட்டு மிக்ஸியிலேயே தீர்ந்துவிடுகிறது. இருவழி மீட்டர் வந்ததையும் போனதையும் தனித்தனியாகப் பதிந்துகொள்ளும். பில்லில் ஒன்றிலிருந்து மற்றது கழியும்.

தெருவில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் உடனே நின்றுவிடும். பலருக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் மாடி மின்சாரம் எமனாகிவிடுமே! பேட்டரி வைத்த ஹைப்ரிட் அமைப்பு மட்டும் தெருவோடு தொடர்பை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு விளக்கேற்றும்.

2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், முதலில் பெயர் மாற்றத்துக்கு மின்வாரிய அலுவலகம் போய்வாருங்கள்.