இருவாச்சியின் இல்லறம்

"காட்டுக்குப் போனீர்களே, புலியைப் பார்த்தீர்களா? யானையைப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறவர்கள் பலர். "ஒரு தகப்பன் தன் குடும்பத்துக்கு ஆகாரம் கொண்டு வந்ததைப் பார்த்தோம்" என்று பதில் சொன்னால், அவர்கள் முகம் வாடிப் போகிறது. ஆயினும், ஆனைமலையில் நாங்கள் கழித்த அந்த ஒரு பகலில் அதைக் காட்டிலும் பெரிய அதிசயம் எதையும் நாங்கள் காணவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து மலையேறினால் டாப் ஸ்லிப் என்னும் இடம் வருகிறது. அதன் சரித்திரம் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில், கப்பல் கட்டவும் ரயில் பாதை போடவும் ஆனைமலைத் தேக்கு மரங்களை வெட்டி, இந்த உச்சியிலிருந்துதான் கீழே சறுக்கி விட்டார்கள். அருகே இன்றும் எஞ்சி நிற்கும் மழைக்காட்டுக்குக் கரியன் சோலை என்று பெயர். வனத்துறையாரின் அனுமதி பெற்று, காடர் குலத்துப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு, பிப்ரவரி மாதத்து விடியற்காலை ஒன்றில் நானும் என் மனைவியும் அதனுள்ளே பிரவேசித்தோம்.

காலைக் கச்சேரி

மழைக்காட்டில் பறவையைக் கண்ணால் தேடுவதற்கு முன் காதால் தேட வேண்டும். மேலே இலைகளாலான பெருங்கூரை; கீழே பட்டப்பகலிலும் அந்தி வெளிச்சம். ஓடைக் கரையில் யாரோ ஒரு பையன் கவலையின்றிச் சீட்டியடிப்பது கேட்டது. பையனல்ல, சீகாரப் பூங்குருவி! சற்று நேரத்தில் ஐந்தாறு வகைப் பறவைகளின் குரல் ஒரே கிளையிலிருந்து வந்தது. அண்ணாந்து பார்த்தால் அங்கே இருந்தது ஒரே பறவைதான். வாலின் நுனியில் இரண்டு துடுப்புகளைக் கட்டித் தொங்கவிட்டாற் போன்ற கரிச்சான், அயலார் குரலையெல்லாம் அபிநயித்துக் கொண்டிருந்தது.

அதன் பின்னே பல ஜாதிக் குருவிகள் கூட்டமாக வந்தன. ஒன்று கலைத்த பூச்சியை மற்றொன்று பிடிக்கும். வல்லூறு வந்தால் பல கண்களில் ஒன்றாவது கண்டு எச்சரிக்கும். கூடி வாழும் கலையைப் பறவைகள் யாரிடமும் கற்றுக் கொள்ளவில்லை.

சுவருக்குள்ளே மனைவி

பகல் ஏறியதும் பெரியவர் ஒரு முதிய விருட்சத்தைத் தொலைவிலிருந்து சுட்டிக் காட்டினார். உயரத்தில் ஒரு பொந்து. வாயில் முழுவதும் பூசப்பட்டு, நெடுக ஒரு கீற்றுப் போன்ற பிளவு மட்டும் தெரிந்தது. உள்ளே பெண் இருவாச்சி அடைகாத்துக் கொண்டிருந்தது. எச்சத்தையும் உணவின் சக்கையையும் குழைத்து அது தானே அந்த வாயிலை அடைத்துக் கொள்ளுமாம். உள்ளே இருக்கும்போது அதன் இறகுகளும் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. மூன்று நான்கு மாதங்கள் இந்த வாசம்.

"சிறை வாசமல்லவா இது!" என்றாள் என் மனைவி.

"சத்தம் போடாதீங்க, அம்மா. வீட்டுக்காரரு வர்ற நேரமாச்சு" என்றார் பெரியவர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள், ரயில் எஞ்சின் மூச்சு வாங்குவதைப் போன்ற சப்தம் மரங்களுக்கு மேலே கேட்டது. அவ்வளவும் சிறகோசை! மூன்றடிக்கு மேல் நீளம், மஞ்சள் அலகு, அதன் மேல் ஒரு தொப்பி, சிவந்த கண். ஆண் இருவாச்சி வந்து பொந்தின் வாயிலில் தொற்றிக் கொண்டது. தொண்டையிலிருந்து அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பிளவின் வழியே ஊட்டிற்று. எண்ணிக்கொண்டே வந்த என் மனைவி இருபதுக்கு மேல் எண்ணவில்லை. கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

விதைக்கும் சிறகு

டாப் ஸ்லிப் அருகில் ஹ்யூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரியின் சமாதி இருக்கிறது. மொட்டையாகிவிட்ட சரிவுகளில் அவர் கைத்தடியால் குழி செய்து, தேக்கு விதைகளை ஊன்றிக்கொண்டே நடப்பார் என்பார்கள். அவர் நட்டது ஒரே ஜாதி மரம். இருவாச்சியோ அத்தி, கருங்குங்கிலியம், காட்டுச் சாதிக்காய் என்று பலவற்றின் கனிகளை விழுங்கி, விதைகளைக் காடெங்கும் கொண்டுபோய் இடுகிறது. காடு பறவைக்கு வீடு கொடுக்கிறது. பறவை காட்டுக்கு மரம் கொடுக்கிறது.

ஆனால் இருவாச்சிக்குப் பொந்து குடையத் தெரியாது. பொந்துள்ள முதுமரம் போனால் கூடு இல்லை. ஆண் பறவையை ஒருவன் சுட்டால், இறகுதிர்ந்த தாயும் குஞ்சும் சுவருக்குள்ளேயே பட்டினியால் மடிய நேரிடும். ஒரு தோட்டாவுக்கு ஒரு குடும்பம்!

மலைக்கு அப்பால், கேரளத்து வாழச்சால் காட்டில், முன்பு கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து வந்த காடர்களே இன்று அக்கூடுகளுக்குக் காவலாக நிற்கிறார்கள். அவர்களுடைய மனம் மாறியதென்றால், படித்த நமக்கு வேறு உபதேசம் வேண்டுமா?

மாலையில் திரும்பும்போது என் மனைவி சொன்னாள்: "அது சிறையல்ல, நம்பிக்கை. அவர் வருவார் என்றுதானே அவள் கதவை அடைத்துக் கொண்டாள்?"

அந்த நம்பிக்கை பொய்க்காமலிருப்பது ஆண் பறவையின் கையில் மட்டுமா இருக்கிறது?