செம்பட்டைக்கு வந்த வாழ்வு!

‘செம்பட்டைத் தலையா!’ என்று யாரையாவது கூப்பிட்டால் முன்பெல்லாம் அடிதடிதான். எண்ணெய் காணாத தலை, வீட்டில் வசதி பத்தாது, வெயிலில் அலைகிற பிழைப்பு... இத்தனை இளக்காரமும் அந்த ஒரே சொல்லில் அடக்கம்.

இன்றைக்கு அதே செம்பட்டைக்கு ஏ.ஸி. சலூனில் ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். ‘காப்பர்’, ‘கோல்டன் பிரவுன்’, ‘ஹனி பிளாண்ட்’! செங்கல்பட்டு - பீச் லோக்கலில் நின்றுகொண்டே போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம். உட்கார்ந்திருப்பவர்களின் உச்சந்தலை பளிச்சென்று தெரியும். பரனூரில் இறங்கப்போகும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்களின் தலைகளைப் பார்த்தால் ஒரே பெட்டியில் தேன், செம்பு, கருப்பட்டி என்று மளிகைக்கடையே நடக்கிறது.

கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான குப்பத்துப் பையன்களுக்கு இந்தக் கலர் இலவசம். நம் முடியின் கறுப்புக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். உப்புத்தண்ணீர் முடியை உலர்த்தி, அதன் மேலிருக்கும் செதில்களைப் பிரித்துவிடும். கறுப்பு முதலில் பழுப்பாகும், அப்புறம் செம்பு, நுனியில் தங்கம். பல்லவர்கள் கல்லால் கட்டிய கடற்கரைக் கோயிலையே இந்த உப்புக்காற்று அரிக்கிறதென்று சவுக்கு வளர்த்துத் தடுத்திருக்கிறார்கள். முடி எம்மாத்திரம்? (‘மயிர்’ என்று எழுத ஆசைதான். வள்ளுவர் தைரியமாகப் பயன்படுத்திய சொல், நமக்கு பஸ்ஸில் வசவாகிவிட்டது.)

2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியும் அங்கேதான். வெளிநாட்டு வீரர்களின் பொன்னிறத் தலைகளுக்கு நடுவே நம்மூர்ப் பையன்களின் செம்புத் தலைகளும் அலைமேல் ஏறின. அங்கே யாரும் செம்பட்டை என்று சிரிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: கடலையே பார்க்காத சின்னக் குழந்தைக்கு முடி செம்பட்டையாகி, உதிரவும் செய்தால் அது ஃபேஷன் அல்ல. சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். செம்பட்டையாக்குவது சுலபம். அதைக் கொஞ்சம் அடர்த்தியாக்குவதுதான் கஷ்டம்.

என் அக்கா மகனுக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. பையன் சலூனில் பிளீச் பண்ணி மஞ்சளாக்கின கிராப்போடு, ஞாயிறு தவறாமல் கோவளம் கடலில் பலகையோடு விழுந்து கிடப்பவன். “பொண்ணு வீட்ல என்னடா நினைப்பாங்க? கறுப்பாக்கிட்டு வா!” என்று அக்கா உத்தரவு. பயலும் நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி வாங்கினான், குழைத்தான், நேராகத் தலையில் அப்பினான். ஒரு மணி நேரம் கழித்து போன்.

“மாமா... தலை பச்சையா இருக்கு மாமா!”

“எவ்வளவு பச்சைடா?”

“கடற்கரைக் கோயில் பக்கத்துல பாறையில பாசி இருக்கும்ல, அந்தப் பச்சை!”

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்பு டிராயிங் பாடம்தான். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை. அவுரி தருவது கறுப்பு அல்ல, நீலம். அசல் இண்டிகோ! அந்தக் காலத்துத் தென்னாற்காடு மாவட்டம் இந்தச் சாயத்துக்குப் பேர்போனது. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தையில் இறக்கியதும் அவுரி வியாபாரம் படுத்தது. ஆனாலும் செங்கல்பட்டுக்குத் தெற்கே திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது.

கறுப்பு முடி வெளுக்கும்போது அதிலிருக்கும் செம்மையும் சேர்ந்து போய்விடுகிறது. அந்தச் செம்மையை முதலில் திருப்பிக் கொடுக்காமல் மேலே எந்த அடர்நிறம் பூசினாலும் பச்சையோ, சாம்பலோதான் மிஞ்சும். வெளிநாட்டில் வீட்டிலேயே பொன்முடியை ஒரு படி அடர்த்தியாக்கும் பெண்களும் இதே சங்கடத்தில்தான் மாட்டுகிறார்கள். நமக்கோ செம்மை கொடுக்கும் சரக்கு கொல்லையிலேயே இருக்கிறது. மருதாணி!

பையனை ராத்திரியே வரவழைத்தேன். கிராப்புத் தலைக்கு 100 கிராம் மருதாணிப் பொடி தாராளம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து ராத்திரி பூராவும் ஊறவிட வேண்டும். காலையில் எண்ணெய்ப் பிசுக்கில்லாத தலையில் பூசி இரண்டு மணி நேரம் பொறுத்து, வெறும் தண்ணீரில் அலச வேண்டும். இப்போது தலை ஆரஞ்சு மிட்டாய் கலரில் இருக்கும். பயப்படக் கூடாது. (எங்கள் பையன் பயந்தான். அக்கா கண்ணாடியைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள்.)

அடுத்தது அவுரி. இதற்கு நேர்மாறான சுபாவம் இதற்கு! ராத்திரியெல்லாம் ஊறவைத்தால் வீணாகிவிடும். இலைப்பொடியில் தண்ணீர் பட்டதும் சாயம் விடுபட்டு, காற்றோடு சேர்ந்து நீலமாகிக் கெட்டிப்பட ஆரம்பிக்கிறது. முடிக்குள் நடக்க வேண்டிய அந்த வேலை கிண்ணத்திலேயே முடிந்துவிட்டால் என்ன பயன்? வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பூசிவிட வேண்டும். எலுமிச்சை கூடவே கூடாது. கொஞ்ச நேரம் விட்டால் பழுப்பு, இரண்டு மணி நேரம் விட்டால் கிட்டத்தட்டக் கறுப்பு. அலசினதும் லேசாகப் பச்சை காட்டும், ஒன்றிரண்டு நாளில் காற்றுப்பட்டு அடங்கும். அதுவரை ஷாம்பு கிடையாது. ஆகவே விசேஷத்துக்கு முந்தின நாள் உட்காராதீர்கள், நாலு நாள் முன்னாடியே முடித்துவிடுங்கள்.

கறுப்பே வேண்டாம், செம்பட்டை ஒரு படி இறங்கினால் போதும் என்பவர்கள் ஊறிய மருதாணியோடு அப்போதுதான் குழைத்த அவுரியைக் கலந்து ஒரே தடவையாகப் பூசலாம். மருதாணி கூடினால் செம்பு, அவுரி கூடினால் காப்பிக்கொட்டை. என் ஓட்டு இதற்குத்தான். வெயிலில் வெளுத்த தலையில் ஜெட் பிளாக் பூசினால் விக் வைத்த மாதிரிதான் இருக்கும்.

“இவ்வளவு நேரம் யாருக்கு சார் இருக்கு? டப்பாவை உடைச்சமா, பூசினமா, ஆபீஸ் போனமான்னு இருக்கணும்!” என்கிறீர்களா? சரி, டப்பாவுக்கு வருவோம்.

டப்பாமேல் நம்பர் இருக்கும். 1 என்றால் கறுப்பு, 4 பழுப்பு, 6 அடர் பொன்னிறம். நம்பர் ஏற ஏற வெளுப்பு. வெளுத்த முடி பஞ்சு மாதிரி கலரைக் குடிக்கும். அதனால் டப்பாவில் இருப்பதைவிடத் தலையில் அடர்த்தியாகத்தான் விழும். வேண்டிய நிறத்தைவிட ஒரு நம்பர் கூடுதலாகவே எடுங்கள். ‘ஆஷ்’ என்று போட்டிருந்தால் தொடாதீர்கள், மறுபடி பாசிதான்.

அடுத்தது பி.பி.டி. முழுப்பெயர் பாரா ஃபினைலின் டையமின். ஃபிரான்சில் யூஜின் ஷுய்லர் என்பவர் 1907-ல் செயற்கைத் தலைச்சாயம் தயாரித்தார். அவர் தொடங்கியதுதான் பிற்பாடு லோரியல் கம்பெனியானது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அடர்நிற டைகளில் பெரும்பாலானவை பி.பி.டி.யையோ அதன் சொந்தக்காரர்களையோ நம்பித்தான் இருக்கின்றன. ‘அம்மோனியா இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்களே, அதற்கு பி.பி.டி. இல்லை என்று அர்த்தமில்லை. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் பொடியும் அப்படித்தான். மருதாணிக்குக் கறுப்பு ஏது? பெரும்பாலும் உள்ளே இருப்பது இதே சரக்கு. சுற்றுலா ஊர்களில் கையில் வரைந்துவிடும் கன்னங்கரேல் ‘மருதாணி’யும் அதே. கையில் ஒருமுறை கொப்புளம் வந்தவர் அப்புறம் தலைக்கு டை போட்டால் முகமே வீங்கிப்போகலாம்.

எல்லோருக்கும் வராது. வருகிறவருக்கு லேசாக வராது. அரிப்பு, கண் திறக்க முடியாத வீக்கம், சிலருக்கு மூச்சுத் திணறல். பத்து வருஷம் ஒன்றும் ஆகாதவருக்குப் பதினோராம் வருஷம் வரலாம். அதனால்தான், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் பூசினால் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டுமென்று நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. எறும்பு சைஸ் எழுத்தில் அச்சிடுகிறார்கள், நாமும் அதோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறோம்! மீசைக்கும் கிருதாவுக்கும் பூசின கையோடு புருவத்தையும் ஒரு தீற்று தீற்றுகிற நண்பர்கள் எனக்கே உண்டு.

சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பொறுங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அந்த டப்பாவை மறந்துவிடுங்கள். குழந்தைகள் கைக்கும் எட்டவிடாதீர்கள். வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கும், கிட்னி கெடும், உயிருக்கே ஆபத்து. நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்னொன்று. என்ன கலந்திருக்கிறதென்றே தெரியாத மலிவுப் பொடி போட்ட தலையில் அது மறையும் முன்பே டப்பா டை போடாதீர்கள். சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும். டையிலிருக்கும் பெராக்சைடு அதோடு சேர்ந்தால் சூடேறி முடி பொசுங்கும்.

எங்கள் மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலாவது நாள் காப்பிக்கொட்டைக் கலரில் தட்டு மாற்றினான். ஆனால் தேதி வைத்தாற்போல் அடுத்த ஞாயிறே கோவளம் போய்விட்டான். “தலையில தேங்காயெண்ணெய் தடவிட்டுதான் மாமா எறங்கினேன்” என்று சத்தியம் பண்ணுகிறான். எண்ணெய் தடவினால் உப்புத்தண்ணீர் முடிக்குள் இறங்குவது குறையும் என்பது வாஸ்தவம்தான். முன்நெற்றியில் என்னவோ செம்பு எட்டிப் பார்க்கிறது. கல்யாணம் தை மாசம். அக்கா இப்போதே 200 கிராம் மருதாணிப் பொடி வாங்கி வைத்திருக்கிறாள்.

நீலக் கறை ஏறிய பாத்ரூம் பக்கெட்டை யார் தேய்ப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.