முப்பது விநாடிக்கு யாரிடம் அனுமதி?

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருபவர்கள் முந்தியை விரித்துப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. ஜரிகையை விரலால் தடவுவார்கள், கோர்வை சேர்ந்த இடத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறம் பார்ப்பார்கள். கேசட் காலத்துப் பாட்டுக் கடைகளிலும் இதே வழக்கம்தான். “கொஞ்சம் போட்டுக் காட்டுங்க” என்றால் கடைக்காரர் ஒரு பாட்டை ஓடவிடுவார். பிடித்தால் வாங்கலாம்.

கடை இணையத்துக்குப் போனதும் இந்தச் சிறு உபசாரத்துக்கு ‘பிரிவியூ’ என்று பெயர் வந்தது. கூடவே வழக்கும் வந்தது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை முதலில் 30 விநாடி கேட்கவிட்டது. 2010 இறுதியில், இரண்டரை நிமிடத்தைத் தாண்டும் பாடல்களுக்கு அதை 90 விநாடியாக உயர்த்தியது. பாடல்களைத் தொடர்ந்து விற்பனைக்கு வைத்திருந்தாலே இதற்குச் சம்மதம் என்று பொருள் என இசை நிறுவனங்களுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டது. இந்தியாவில் பிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ‘ஃப்ளைட்’ என்ற பாட்டுக் கடையைத் திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐடியூன்ஸும் இங்கே வந்தது. ஃப்ளைட் 2013 ஜூனில் மூடப்பட்டது.

அந்த நாட்களில் பரவிய ஒரு பேச்சு இன்றும் ஓயவில்லை: ‘முப்பது விநாடிக்குள் இருந்தால் கேஸ் வராது.’

இது தவறு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் விநாடிக் கணக்கில் எந்த விலக்கும் இல்லை. படைப்பு முழுவதற்கும் உள்ள உரிமை அதன் கணிசமான பகுதிக்கும் உண்டு என்கிறது 14-ஆம் பிரிவு. எது கணிசம் என்பதைக் கடிகாரம் சொல்லாது. பல்லவியின் முதல் வரி பத்து விநாடிதான். பாட்டை நாம் அடையாளம் காண்பதே அதில்தான். ஆகவே ஐடியூன்ஸின் 30, 90 என்ற எண்கள் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டவை. ஒப்பந்தம் இல்லாத கடைக்காரருக்கு அவற்றால் பயனில்லை.

மிகச் சிறிய துணுக்குகளுக்கு நீதிமன்றம் இடம் கொடுத்ததுண்டு. இந்தியா டிவிக்கும் யஷ்ராஜ் ஃபிலிம்ஸுக்கும் நடந்த வழக்கில், நுகர்வோர் விழிப்புணர்வு விளம்பரம் ஒன்றில் ‘கஜ்ரா ரே’ பாடலின் சில சொற்கள் வந்தது சட்டம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு அற்பமானது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆனால் அரை நிமிட பிரிவியூவை அந்தச் சிட்டிகையில் அடக்க முடியாது.

நேரடியான பதில் கனடாவில் கிடைத்தது. சோகான் என்ற இசைப் படைப்பாளிகள் சங்கம், 30 முதல் 90 விநாடி வரையிலான பிரிவியூக்களுக்கும் ராயல்டி வேண்டும் என்று பெல் கனடா, ஆப்பிள் போன்ற நிறுவனங்களோடு மோதியது. 2012 ஜூலை 12 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வாங்கலாமா என்று கேட்டுப் பார்ப்பதும் ஒருவகை ‘ஆராய்ச்சி’தான், அதைக் கடையின் பக்கமிருந்து பார்க்காமல் வாங்குபவரின் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்றது. ஒரு பாட்டு வாங்குமுன் சராசரியாகப் பத்துத் துணுக்குகளைக் கேட்கிறார்கள் என்ற கணக்கு நீதிபதிகள் முன் இருந்தது. துணுக்கின் ஒலித்தரம் குறைவு, கேட்டபின் கையில் கோப்பு எதுவும் தங்குவதில்லை என்பதையும் கவனித்தார்கள். பட்டுக்கடை வாசலில் நின்று யோசித்தால் இந்தத் தீர்ப்பின் நியாயம் உடனே புரியும்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. ரிங்டோன் விற்ற ஏடி அண்டு டி, பிரிவியூவுக்குக் கட்டணம் இல்லை என்று வாதாடி 2009-ல் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றது. விற்பனைக்காக ஒலிக்கவிடுவது நியாயமான பயன்பாடு ஆகாது என்றது நீதிமன்றம்.

இந்தியா கனடாவைவிட அமெரிக்காவுக்கே பக்கத்தில் நிற்கிறது. டிப்ஸ் இசை நிறுவனம் விங்க் மியூசிக் என்ற இணையப் பாட்டுச் சேவை மீது தொடுத்த வழக்கில், பாடல்களைத் தரவிறக்கக் கொடுப்பது வாடிக்கையாளரின் சொந்தப் பயன்பாட்டுக்குத்தானே என்ற வாதம் 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் 31டி பிரிவு தரும் சட்டமுறை உரிமமும் இணையச் சேவைக்குப் பொருந்தாது என்றது அந்த நீதிமன்றம். 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. ஆக, உரிமையாளர் ‘சரி’ என்றால்தான் உண்டு.

அந்த உரிமையாளர் யார் என்பதில்தான் சிறு கடைக்காரர் திணறுகிறார். காஞ்சியோடு தொடர்புள்ள இரண்டு பாடல்களையே எடுத்துக்கொள்வோம். வெங்கடேச சுப்ரபாதத்தை இயற்றிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். அத்திகிரி வரதனின் பெயரால் ஹஸ்திகிரிநாதர் எனப்பட்டவர். அவருடைய வரிகளுக்கு இன்று உரிமையாளர் இல்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடி 1963-ல் வெளிவந்த ஒலிப்பதிவுக்கும், வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்குப்படி, உரிமை 2023 டிசம்பரோடு முடிந்தது. அந்தப் பதிவைத் துணுக்காக மட்டுமல்ல, முழுவதுமாகவே ஒலிக்கவிடலாம். வேறு பாடகர்களின் பிந்தைய பதிவுகளுக்கு இது பொருந்தாது.

1966-ல் எம்.எஸ். ஐ.நா. சபையில் பாடிய ‘மைத்ரீம் பஜத’வின் கதை வேறு. எழுதிய காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் 1994-ல் மறைந்தார். வரிகளுக்கு உரிமை 2054 வரை. மெட்டமைத்த வசந்த் தேசாய் 1975-ல் காலமானார்; மெட்டுக்கு 2035 வரை. ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டிலிருந்து தனிக்கணக்கு. அரை நிமிடத்துக்கு மூன்று வாசல்களைத் தட்ட வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும், முப்பது விநாடி என்ற அளவால் கர்நாடக இசைக்குக் கூடுதல் நஷ்டம். சினிமாப் பாட்டின் முதல் 30 விநாடி ஓரளவுக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும். நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவியில் அதே முப்பது விநாடியில் தம்புராவும், ராகத்தைத் தொட்டும் தொடாமலும் இரண்டு சங்கதிகளும்தான் வரும். பாடகரின் குரல்கூடப் பழகியிருக்காது. கேட்டுப் பார்த்து வாங்க வேண்டியவரைக் கேட்காமலே வாங்கச் சொல்வதற்கு இது சமம்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்குகள் நீளமாக வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றோடு இன்னொன்றைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை: பாடலை முறைப்படி விற்கும் கடை, குறைந்த தரத்தில், சேமிக்க முடியாதபடி ஒரு பகுதியை ஒலிக்கவிடலாம், அந்தப் பகுதியின் நீளம் பாடலின் நீளத்தைப் பொறுத்து அமையும், எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பது கடையின் விருப்பம். அப்படி ஒரு விதி இருந்தால் நாற்பது நிமிடப் பதிவை விற்பவர் தம்புராவோடு நிறுத்தாமல், பல்லவி எடுக்கும் இடத்தையே போட்டுக் காட்டலாம்.